மலை ஏற மூச்சு வேண்டும்

(தோட்டக் கிளைத் தலைவர்மார், மாதர் அணி உறுப்பினர்கள், இளைஞர்கள் கலந்துகொண்ட மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்றைய கூட்டத்தில் சம்பளம் இருக்கிறது, வீட்டுக் காணி இருக்கிறது, கொழுந்து நிறுவையில் கழிக்கப்படும் கிலோக் கணக்கு இருக்கிறது. இவற்றுக்கு நடுவே புகைத்தலைப் பற்றியும் பேச வேண்டும் என்று நாம் கேட்டபோது, "அது சங்கத்து விஷயமா மாஸ்டர்? கிளினிக்கில் பேச வேண்டியதல்லவா?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குவோம்.

நமக்குத் தெரிந்த கவ்வாத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். கத்தியை எடுத்தால் நிரையில் முதல் ஆளாக மேலே போய் நிற்கிறவர். நாற்பத்தைந்து வயது தாண்டியதும் கொடுத்த கணக்கை முடிக்க முடியாமல் போனது. பத்து மரம் வெட்டுவார், கத்தியை ஊன்றிக்கொண்டு நிற்பார். நிர்வாகம் அரைப்பேர் போட்டது. சங்கத்திலிருந்து போய்ப் பேசினோம். வருத்தக்காரருக்கு அரைப்பேர் போடுவது அநியாயம், இலகுவான வேலை கொடுங்கள் என்று வாதாடினோம். கடைசியில் கன்று நேசரியில் வேலை கிடைத்தது. அந்த அளவில் நாம் வென்றோம். ஆனால் அவர் இன்றைக்கும் ரோட்டிலிருந்து லயத்துக்குப் படியேறி வருவதற்குள் மூன்று இடத்தில் உட்காருகிறார். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய்க்குள் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, சுவாசப்பை பழுதாகிவிட்டது, இனிப் பழைய நிலைக்குத் திரும்பாது என்று சொல்லி, வாயால் இழுக்கும் மருந்தைக் கொடுத்து அனுப்பினார்கள். பதினாறு வயதில் பழகிய பீடி. அரைப்பேரைப் பற்றி நிர்வாகத்தோடு பேசலாம். போன மூச்சைப் பற்றி யாரோடு பேசுவது?

அதனால்தான் இது சங்கத்து விஷயம். காணி இல்லாத நமக்கு உடம்புதான் மூலதனம். அதில் மலை ஏறித் தருவது சுவாசப்பை.

நுரையீரல் என்றும் சொல்கிற இந்தச் சுவாசப்பையை வகுப்பில் பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டுகிறோம். வெறும் பலூன் மாதிரி இரண்டு பை என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் கோடிக்கணக்கான சின்னச் சின்னச் சிற்றறைகள். அவற்றையெல்லாம் பிரித்துத் தரையில் விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீற்றர் வரும். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா ஆறின் தரை. அவ்வளவும் மடித்து நெஞ்சுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. காற்றில் இருக்கும் ஒக்சிசன் இரத்தத்தில் ஏறுவது அந்தச் சிற்றறைகளின் சுவர்களில்தான்.

புகை அங்கே இரண்டு வேலை செய்கிறது. மூச்சுக்குழாயின் உட்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பிசிர்கள் இருக்கின்றன. தூசியையும் சளியையும் இரவு பகலாக மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் விளக்குமாறுகள் அவை. புகை பட்டால் அவை சோர்ந்துவிடும், நாளடைவில் செத்தும் போகும். பிறகு சளியை வெளியேற்ற இருமல் ஒன்றுதான் வழி. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதற்கு முன் கேட்கிறதே ஓர் இருமல், அது பனியால் வருவதல்ல தோழர்களே. இரவெல்லாம் புகை இல்லாததால் மிச்சமிருக்கும் பிசிர்கள் கொஞ்சம் எழும்பி வேலை தொடங்குகின்றன, தேங்கிய சளி அசைகிறது. அதை அடக்க உடனே இன்னொரு பீடியைப் பற்றவைக்கிறோம். எழும்பியதும் மறுபடி படுத்துவிடும்.

இரண்டாவது இன்னும் மோசமானது. புகையால் வரும் அழற்சி சிற்றறைகளின் சுவர்களைத் தின்கிறது. ஆறு காம்பரா உள்ள லயத்தில் நடுச்சுவர்களையெல்லாம் இடித்தால் என்ன மிஞ்சும்? பெரிய வெற்று மண்டபம். இடம் பெரிதாகத் தெரியும், சுவர் இருக்காது. சுவாசப்பையில் இரத்தம் ஓடுவது அந்தச் சுவரில்தான். அதோடு உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தங்கிவிடும். நெஞ்சு நிறையக் காற்று இருக்கும், மூச்சு மட்டும் இருக்காது. நல்ல சுகத்தோடு இருக்கும் தம்பிமார் வீட்டுக்குப் போய் ஒரு சோதனை செய்து பாருங்கள்: மூக்கைப் பொத்திக்கொண்டு, சோடா குடிக்கும் குழலை வாயில் வைத்து, அதன் வழியாக மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு பத்துப் படி ஏறுங்கள். நெஞ்சு வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அந்தப் பத்துப் படியில் நீங்கள் படுவதைத்தான் நமது கவ்வாத்துக்காரர் நாள் முழுக்கப் படுகிறார்.

இங்கே நமக்கென்று தனியாக ஒரு கணக்கும் உண்டு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 6000 அடிக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஒக்சிசன் கொழும்பில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நாம் பிறந்து வளர்ந்த மலை, உடம்பு பழகிவிட்டது, தெரிவதில்லை. சிகரட்டிலும் பீடியிலும் காபனோரொட்சைட்டு என்ற வாயு வருகிறது. ஒக்சிசனைச் சுமக்கும் இரத்தச் சிவப்பணுவில் ஒக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் சீட்டையெல்லாம் பிடித்துக்கொண்டு இறங்காமல் இருக்கும் ஆள் மாதிரி. ஏற்கனவே குறைவாக வருகிற ஒக்சிசனுக்கு ஏறவும் இடமில்லை. அதோடு கூடையைத் தூக்கி மேட்டில் ஏறச் சொல்கிறோம் இந்த உடம்பை.

"குளிருக்கு இதமா இருக்கு மாஸ்டர்" என்று சொல்லாத ஆள் இல்லை. நெருப்பைக் கையில் பிடித்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது. நிக்கொட்டின் கை கால் தோலில் ஓடும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. விரல் நுனிக்கு இரத்தம் குறையும், விரல் இன்னும் குளிரும். குளிருக்குக் குடிக்க வேண்டியது சுடச்சுடத் தேத்தண்ணி. அதை நாம்தானே உலகத்துக்கே கொடுக்கிறோம்.

பீடி இயற்கையான இலை, சிகரட்டில்தான் மருந்து போடுகிறார்கள் என்று ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. பீடியை அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்கிறோம். உள்ளே போகும் தாரும் நிக்கொட்டினும் சிகரட்டைவிடக் கூடும், குறையாது. இயற்கை என்று பார்த்தால், அட்டை கடித்தால் புகையிலைத் தண்ணியைத் தானே விடுகிறோம்? அட்டை சுருண்டு கழன்று விழுகிறது. தோட்டத்தில் பூச்சிக்கும் புகையிலைக் கசாயம் தெளிக்கிறோம். அந்தச் செடி தன்னைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் நஞ்சின் பெயர்தான் நிக்கொட்டின். வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாயிமார் சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலையும் பாக்கும் அதற்குக் காரணம். அது பெண்களையும் விடுவதில்லை. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இருந்தால் ஒளிக்காமல் காட்டுங்கள்.

சுவாசப்பைப் புற்றுநோய், மாரடைப்பு, பாரிசவாதம் எல்லாம் இந்தப் புகையின் வழியாக வருபவை. ஒவ்வொன்றாக விளக்கப் போவதில்லை. காசநோயை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெருக்கமாக வாழும் லயங்களில் அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். புகைக்கிறவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், "புகைக்காரன் இருமல்தானே" என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். ஆறு மாதம் ஒழுங்காகக் குடித்தால் சுகமாகிவிடும்.

சரி, புகைத்தால் எத்தனை வருடம் போகும்? இதற்குக் கைச்சாத்திரம் தேவையில்லை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டோல் என்ற மருத்துவர் 1951இல் டொக்டர்மாரிடமே கேள்வித்தாள் அனுப்பி ஓர் ஆய்வைத் தொடங்கினார். 34,000க்கும் மேற்பட்ட ஆண் டொக்டர்மார். ஐம்பது வருடம் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முந்திச் செத்தார்கள். நல்ல சாப்பாடு, நல்ல வீடு, பக்கத்திலேயே வைத்தியம் உள்ள டொக்டர்மாருக்கே பத்து வருடம் என்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பத்து வருடம் எந்தப் பத்து வருடம் என்று யோசித்துப் பாருங்கள். ஆண்களுக்கு 55 வயதில், பெண்களுக்கு 50 வயதில் ஊழியர் சேமலாப நிதி கைக்கு வருகிறது. முப்பது, முப்பத்தைந்து வருடம் மழையிலும் வெயிலிலும் நின்று சேர்த்த காசு. அந்தக் காசில் ஒரு மாடு வாங்கி, மரக்கறித் தோட்டம் போட்டு, பேரப்பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிப்போய் வர வேண்டிய வருடங்கள்தான் முதலில் போகின்றன. சேமலாப நிதியைத் துண்டு நிரப்பி எடுக்கச் சங்க ஆபீசுக்குக் கணவரோடு வர வேண்டிய அக்கா, மரணச் சான்றிதழோடு தனியாக வருகிறதை நாம் எத்தனை தடவை பார்த்துவிட்டோம்.

காசைப் பற்றியும் பேசிவிடுவோம். ஒரு நாளைக்கு ஐந்து சிகரட் என்றால் வருடத்துக்கு 1825. ஒன்று குறைத்தே 100 ரூபா என்று வைத்தால் 182,500 ரூபா. 2024இல் வந்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் இது 135 பேர். 135 நாள் மலைக்குப் போனது முழுக்கப் புகைக்கே போகிறது. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம்? 2021இல்தான் அது கிடைத்தது. அப்படிக் கேட்டு வாங்கிய காசை நாமே கடைக் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறோம். இலங்கையில் சிகரட் செய்யும் கம்பனியின் பங்குகளில் 84 வீதம் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கைகளில் இருக்கிறது. அதன் தலைமையகம் லண்டன். நம் தாத்தாமார் பறித்த கொழுந்து போன அதே ஊர்.

இனி வீட்டுக்குள் வருவோம். லயத்தில் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் இருமுகிறார்கள். சிகரட் புகை மட்டும் நம் காம்பராவோடு நின்றுவிடுமா? "நான் இஸ்தோப்பில் உட்கார்ந்துதானே புகைக்கிறேன்" என்பார்கள். இஸ்தோப்பில்தான் பிள்ளை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. கைக்குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடும், அதனால் இன்னும் கூடுதலாக உள்ளே இழுக்கும். சளி, நெஞ்சு இழுப்பு, காது வலி என்று டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டுப் புகையும் ஒரு காரணம். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பக்கத்தில் புகைத்தால் பிள்ளை நிறை குறைவாகப் பிறக்கலாம்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு மனதில் அதிகம் தைப்பது வேறொன்று. "அடுப்பில கொள்ளி எடுத்து பத்தவச்சுக் கொண்டாடா" என்று மகனைச் சொல்கிறோம். அணைந்துவிடாமல் கொண்டுவர அவன் ஓர் இழுப்பு இழுத்துத்தான் ஆக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் பாடம் அங்கே நடக்கிறது. கடைக்கும் அவனைத்தான் அனுப்புகிறோம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் சிகரட் விற்கக் கூடாது. கடைக்காரர் கொடுப்பது குற்றம். ஆனால் அனுப்புவது நாம்தான்.

தாய்மார் இப்போது தலையாட்டுகிறீர்கள். நியாயம்தான். ஆனால் பீடியைத் தொடாத பெண்களுக்கும் இதே சுவாசப்பை வருத்தம் வருகிறது, அதையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு அரைகுறை. ஈரத் தேயிலை மிலாறை விறகடுப்பில் வைத்து, புகைபோக்கி இல்லாத குசினியில் ஊதி ஊதி எரிக்கிறோம். தகரம் கறுத்துக் கிடக்கிறதே, அந்தக் கரி மேலே மட்டும் படிவதில்லை. இதற்கு ஆண்களையோ பெண்களையோ குறை சொல்ல முடியாது. இது வீட்டுப் பிரச்சினை, நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது. ஸ்டோரில் தூள் அரிக்கும் இடத்தில் பறக்கும் தூசியும் அப்படியே. நாம் கேட்கத்தான் போகிறோம். ஆனால் குசினிக்குப் புகைபோக்கி கேட்டு மனு எழுதும்போது நமது சட்டைப் பையில் சிகரட் பெட்டி இருந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் அதைத்தான் முதலில் காட்டுவார்.

எப்படி விடுவது? புகைக்கிற தோழர்களைத் திட்டுவதற்காக யாரும் இங்கே வரவில்லை. நிக்கொட்டின் சில வினாடிகளில் மூளைக்குப் போய்ச் சேர்கிறது, அது பழக்கிவிட்டால் மனவுறுதி மட்டும் போதாது. விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கடினம். கோபம் வரும், தூக்கம் வராது, சோறு பிடிக்காது அல்லது அதிகமாகப் பசிக்கும். இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அந்த வாரம் வீட்டில் சண்டைதான். ஆசை எழும்பும்போது அது சில நிமிடம்தான் நிற்கும். ஒரு கோப்பைத் தண்ணீர் குடியுங்கள், இஞ்சித் துண்டு கடியுங்கள், எழும்பி நடங்கள். வெற்றிலை புகையிலைக்கு மட்டும் மாறாதீர்கள்.

தனியாக விடுவதைவிட ஒரே மலையில் ஒன்றாக வேலை செய்கிற நாலைந்து பேர் ஒரே நாளில் விடுவது இலகு. தேத்தண்ணி நேரத்தில் ஒருவர் நெருப்பு நீட்டினால்தான் மற்றவருக்கும் ஆசை வருகிறது. ஒருமுறை விட்டு மறுபடி பிடித்துவிட்டால் வெட்கப்பட வேண்டாம். பலர் பல தடவை முயன்றுதான் விடுகிறார்கள். விட்ட ஒரு நாளுக்குள் இரத்தத்தில் இருந்த காபனோரொட்சைட்டு இறங்கிவிடும். சில மாதங்களில் இருமல் குறையும், மேடு ஏறுவது கொஞ்சம் இலகுவாகும். ஒரு வருடத்தில் மாரடைப்புக்கான மேலதிக ஆபத்து பாதியாகும். இடிந்த சிற்றறைச் சுவர் எழும்பாது, ஆனால் இடிவது வேகம் குறையும். அதனால்தான் கவ்வாத்துக்காரரும் இந்த வயதில் பீடியை விட்டிருக்கிறார். மேலே சொன்ன டொக்டர்மார் ஆய்வில் 50 வயதில் விட்டவருக்கு ஏறக்குறைய ஆறு வருடம் திரும்பக் கிடைத்தது, 40இல் விட்டவருக்கு ஒன்பது, 30இல் விட்டவருக்குப் பத்தும் கிடைத்தது. கதவோரத்துத் தம்பிமார் இதைக் கணக்கில் எடுங்கள்.

கூட்டத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறோம். சங்கக் கூட்டம், வாசிகசாலை, பிள்ளைக்காம்பரா, இந்த மூன்று இடத்திலும் வாசற்படிக்குள் புகை வேண்டாம். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவதில்லை, கொள்ளி கேட்பதில்லை. மற்றது கொஞ்சம் வாதம் வரக்கூடியது: கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் தட்டில் வெற்றிலை பாக்கோடு பீடி, சிகரட் வைப்பது. அது மரியாதை என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள், அவர்களிடம் அதட்டலாகப் பேச வேண்டாம். ஆனால் சங்கத்து மரண உதவிக் காசில் இனிமேல் அதை வாங்குவதில்லை என்று மட்டும் இன்று தீர்மானிக்கலாம். அந்தக் காசுக்கு அரிசியும் சீனியும் வாங்கிக் கொடுப்போம். குசினிப் புகைபோக்கிக்கும் ஸ்டோர்த் தூசிக்கும் மனு எழுத மாதர் அணியிலிருந்து இரண்டு பேரும், ஸ்டோர் தொழிலாளரிலிருந்து ஒருவரும் வேண்டும்.

புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை, விட விரும்புகிறவர்களுக்கு உதவ 1948 என்ற தொலைபேசி இலக்கத்தை வைத்திருக்கிறது. வீட்டில் போன் இல்லாதவர்கள் சங்க ஆபீசில் வந்து எடுக்கலாம். விட நினைக்கிறவர்களும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்களும் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் பெயர் கொடுங்கள். கிளினிக் நாளில் கூட்டாகப் போவோம். அன்றைய பேரை இழக்காமல் இருக்கத் தலைவர் முன்கூட்டியே நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுப்பார்.